மிளகுதண்ணியும் மைசூர்ப் பருப்பும்

தமிழ் வகுப்பு எடுப்போர்க்கு ஒரு வாடிக்கையான பட்டியல் உண்டு. ஆங்கிலம் தமிழிடமிருந்து கடன் பெற்ற சொற்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவோம். கட்டுமரம் 'கேட்டமரான்' ஆயிற்று, சுருட்டு 'செரூட்' ஆயிற்று, கஞ்சி 'காஞ்சி' ஆயிற்று, மிளகுத்தண்ணீர் 'மல்லிகடானி' ஆயிற்று. மாணவர்கள் முகம் மலரும். நாமும் ஒரு பெருமிதப் புன்னகையோடு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவோம். சென்ற மார்கழியில் ஒரு மாணவி எழுந்து, "அந்தச் சூப்பில் என்ன ஐயா இருக்கும்? அதை அவங்களுக்கு யார் செஞ்சு கொடுத்தாங்க?" என்று கேட்டுவிட்டாள். இருபதாண்டுகளாக அந்தப் பட்டியலை எழுதி வருகிறோம். இரண்டு கேள்விக்கும் நம்மிடம் விடையில்லை. "நம் ரசம்தான் அம்மா" என்று சொல்லி அமர்த்தினோம். அது விடையன்று என்பது நமக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்திருக்கும்.

இன்று இலண்டனிலோ டொராண்டோவிலோ குளிர்காலத்தில் 'மல்லிகடானி' என்று கேட்டு வாங்கினால், கிண்ணத்தில் வருவது ரசமன்று. மைசூர்ப் பருப்பு கரையக் கரைய வெந்து கெட்டியாக இருக்கும். கேரட், வெங்காயம், சில இடங்களில் ஆப்பிள், தேங்காய்ப் பால், கறிப்பொடி எல்லாம் சேர்ந்திருக்கும். ஒரு கிண்ணம் குடித்தால் அடுத்த வேளை வரை பசிக்காது. நம் வீட்டில் சோற்றின் மேல் ஊற்றிப் பிசையும் மெல்லிய நீருக்கும் இதற்கும் பெயரைத் தவிர ஒற்றுமை மிகக் குறைவு. பெயர் எப்படிப் போயிற்று, பருப்பு எப்படி வந்தது என்று இரண்டு தடங்களைத் தனித்தனியே பின்தொடர்ந்தால்தான் அந்த மாணவியின் கேள்விக்கு அருகிலாவது போக முடியும்.

முதலில் சொல். தண்ணீர் என்பது தண்மை + நீர். குளிர்ந்த நீர் என்பதே அதன் பொருள். சூடான நீருக்கு வெந்நீர் என்று வேறு சொல் வைத்திருக்கிறோம். ஆயினும் பேச்சுவழக்கில் 'தண்ணி' தன் குளிர்ச்சியை எப்போதோ இழந்துவிட்டது. ஈழத்தில் தேநீரைத் தேத்தண்ணி என்பர்; சளி பிடித்தால் கொதிக்கக் கொதிக்க மல்லித்தண்ணி கொடுப்பர். தமிழகத்தில் கஞ்சித்தண்ணி, வடிதண்ணி என்கிறோம். ஒரு பொருளை நீரில் இட்டுக் கொதிக்க வைத்து, அதன் சாரம் இறங்கிய நீரைத் 'தண்ணி' என்று சொல்வது நம் பேச்சின் இயல்பு. மிளகுதண்ணி அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த சொல். குளிர்காலத்தில் உடம்பைச் சூடேற்ற வெள்ளைக்காரர் குடித்த சூப்பின் பெயருக்குள் குளிர்ந்த நீர் ஒளிந்திருப்பது ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் 'டானி' என்றால் பழுப்பு கலந்த மஞ்சள் நிறம். சூப்பின் நிறமும் ஏறத்தாழ அதுவே. வெள்ளைக்காரர் காதுக்கு இந்தச் சொல் அத்தனை எளிதாகப் பொருந்தியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. ரசத்துக்கு நம்மிடம் பல பெயர்கள் இருக்கின்றன. சாறு என்பது பழஞ்சொல். வைணவ இல்லங்களில் சாற்றமுது என்பர். பேச்சில் அது சாத்தமுது ஆகும். ரசம் என்பது வடசொல். கோயில் அடுக்களையில் எல்லாமே அமுதுதான். சோழர் காலக் கல்வெட்டுகளில் இறைவனின் திருவமுதுக்கு விடப்பட்ட நிவந்தங்களைப் படித்தால் பருப்பமுது, நெய்யமுது, தயிரமுது, மிளகமுது என்று படியளந்து எழுதியிருப்பார்கள். கம்பெனிக்காரர்கள் காதில் விழுந்தது இவற்றுள் எதுவும் இல்லை. சாறும் விழவில்லை, சாற்றமுதும் விழவில்லை, ரசமும் விழவில்லை. மிளகுதண்ணிதான் விழுந்தது. அதுவும் ஏட்டில் எழுதும் மிளகுத்தண்ணீர் அன்று. பழைய ஆங்கில நூல்களில் இந்தச் சொல்லின் முதலெழுத்துகளைப் பார்த்தால் 'முல்லகீ', 'முல்லகா', 'முலுகு' என்றே இருக்கும். 'மி' என்று தொடங்குவதில்லை. இன்றும் நம் தெருக்களில் மொளகு என்றுதானே சொல்கிறோம்? ஆக, எவரோ வாய்விட்டுச் சொன்ன சொல்லைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். எந்தப் புலவரிடமும் கேட்டு எழுதவில்லை. இந்தச் சொல் எந்த அடுக்களையிலிருந்து புறப்பட்டது என்பதற்கு அந்த 'மொ'வும் அந்தத் 'தண்ணி'யும் சாட்சி என்பது நம் கருத்து.

மலையாளத்திலும் முளகு என்கிறார்களே, அங்கிருந்து போயிருக்கக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். கூடாதென்றில்லை. ஆனால் அவர்கள் பேச்சில் நீர் பெரும்பாலும் வெள்ளம். தெலுங்கிலும் கன்னடத்திலும் மிளகின் பெயரே வேறு. இந்த உணவை அவர்கள் சாரு என்பர்.

இந்தக் கடைசிச் செய்தி அடுத்து வரும் ஆவணத்துக்கு முக்கியம். யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொல்லகராதியை நம் வாசகர்கள் அறிவார்கள். பர்னல் சென்னை மாகாணத்தில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை சரசுவதி மகாலின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். அகராதி அச்சாகு முன்பே 1882-இல் இறந்துபோனார். அதில் இந்தச் சொல்லுக்குக் காட்டப்பட்டுள்ள முதல் மேற்கோளின் ஆண்டு 1784. எழுதியவர் ஒரு கைதி. ஐதரலியிடம் சிறைப்பட்ட ஆங்கிலேயக் கடற்படையாளர் ஒருவர், தம் விதியை நொந்து கட்டிய பாட்டு அது. பெங்களூர்ச் சிறையில் தமக்குக் கிடைப்பது மிளகுதண்ணி, அதை விட்டால் கஞ்சி என்று அதில் புலம்புகிறார். பாட்டை அப்படியே எடுத்தெழுதத் தேவையில்லை, பொருள் இவ்வளவுதான்.

1780-இல் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தபோது பிடிபட்டவர்கள் பலர். 1782-இல் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் சஃப்ரன், தாம் பிடித்த ஆங்கிலேய மாலுமிகளை ஐதரிடம் ஒப்படைத்தார். நம் பாட்டுக்காரர் இந்தப் பிற்பட்டோருள் ஒருவராக இருந்திருக்கலாம். 1784 மங்களூர் உடன்படிக்கைக்குப் பின் உயிரோடிருந்த கைதிகள் விடுவிக்கப்பட்டனர்.

பெங்களூர்ச் சிறையில் இருந்தவர் தாம் உண்டதைச் 'சாரு' என்று எழுதவில்லை. தமிழ்ச் சொல்லால் எழுதினார். அப்படியானால் ஒன்று, அந்தச் சொல் சிறைக்குப் போகுமுன்பே சோழமண்டலக் கரையில் அவருக்குப் பழகியிருக்க வேண்டும். அல்லது, அங்கே ஊற்றியவர் தமிழ் பேசுபவராக இருந்திருக்க வேண்டும். எப்படியாயினும் 1784-க்கு முன்பே கரையோர வெள்ளையரிடையே இச்சொல் புழங்கியது என்று கொள்வதில் தவறில்லை. படிப்பவர்க்குப் புரியாத சொல்லைப் பாட்டில் வைத்து எவரும் புலம்புவதில்லை. ஆங்கில இலக்கியத்தில் நம் மிளகுதண்ணி அறிமுகமானது விருந்தாக அன்று. கஞ்சிக்கு அடுத்த நிலையில், வேறு வழியில்லாதவன் உண்ணும் உணவாகத்தான் அறிமுகமாயிற்று. வகுப்பில் நாம் பெருமையோடு எழுதும் பட்டியலில் கஞ்சியும் மிளகுத்தண்ணீரும் அடுத்தடுத்து நிற்பது தற்செயல். ஆனால் முதல் ஆவணத்திலேயே அவை அடுத்தடுத்துத்தான் நிற்கின்றன.

அதே அகராதி 1823-ஆம் ஆண்டுக்குரிய மற்றொரு குறிப்பையும் காட்டுகிறது. சென்னையில் பணியாற்றிய வெஸ்லியன் மதபோதகர் எலைஜா ஹூல், உள்ளூர்ச் சாப்பாடு ஒன்றை விவரிக்கையில், பித்தளைப் பாத்திரத்தில் 'முலுகு தண்ணி' இருந்தது என்றும், அது பெரும்பாலும் மிளகும் மிளகாயும் கொண்டு செய்த காரமான காய்கறிச் சூப்பு என்றும் எழுதுகிறார். மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாகப் பதினாறாம் நூற்றாண்டில் வந்த புதிய சரக்கு. மிளகு போலக் காரும் காய் என்பதால் நம்மவர் அதற்கு மிளகாய் என்றே பெயரிட்டனர். ஹூல் காலத்திற்குள் இரண்டும் ஒரே பாத்திரத்தில் கொதிக்கத் தொடங்கிவிட்டன. பருப்பைப் பற்றி அவர் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை.

பருப்பு இல்லை என்பதை இன்னும் தெளிவாகச் சொல்பவர் கென்னி-ஹெர்பர்ட். சென்னைக் குதிரைப்படை அதிகாரி. 'வைவர்ன்' என்ற புனைபெயரில் எழுதினார். 1878-இல் வெளிவந்த 'கலினரி ஜாட்டிங்ஸ் ஃபார் மெட்ராஸ்' அவர் நூல். அதில் தென்னாட்டு ஏழைகளின் மிளகுதண்ணி எப்படிச் செய்யப்படுகிறது என்று கைக்கணக்கோடு எழுதியிருக்கிறார். புளி, காய்ந்த மிளகாய், பூண்டு, கடுகு, வெந்தயம், மிளகு, உப்பு, கறிவேப்பிலை ஆகியவற்றை அரைத்து நீரூற்றிக் கொதிக்க விட்டு, சட்டியில் நெய்யில் வதக்கிய வெங்காயத்தின் மேல் வடித்து ஊற்றினால் ஆயிற்று. ஏழைகள் இதை நிறையச் சோற்றோடு உண்பர், அவர்களுக்கு அதுவே முழுச் சாப்பாடு என்கிறார். ஆங்கிலேயர் இந்த எளிய சரக்கிலிருந்து எண்ணத்தை எடுத்துக்கொண்டு, கோழியையும் ஆட்டிறைச்சியையும் சேர்த்து, மாவும் வெண்ணெயும் இட்டுக் கெட்டியாக்கித் தங்கள் சூப்பை உண்டாக்கினார்கள் என்றும் ஒளிக்காமல் சொல்கிறார். பருப்பு வேகவைத்த நீர் சேர்த்து ரசம் வைக்கும் வீடுகள் அன்றும் இருந்திருக்கும். ஆனால் அவர் பார்த்த, அவருடைய இனத்தார் எடுத்துக்கொண்ட மிளகுதண்ணி, பருப்பு வாங்க முடியாதவர்களின் மிளகுதண்ணி.

நிற்க. இந்தச் சூப்பு கடல் கடந்து இலண்டனுக்குப் போன கதை கொஞ்சம் சுவையானது. மருத்துவர் வில்லியம் கிச்சினர் எழுதிய 'தி குக்ஸ் ஆரக்கிள்' 1817-இல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. இலண்டன் காபிக் கடைகளின் சன்னல்களில் இந்த விசித்திரமான பெயர் ஒட்டப்பட்டிருப்பதைக் கண்டு, வழிப்போக்கரான சுவைஞர்கள் திகைத்து நின்றுவிடுவதாக அவர் கிண்டல் செய்கிறார். பிறகு, அதற்கு மிளகுநீர் என்று பொருள் என விளக்கமும் தருகிறார். சென்னையிலிருந்து ஓய்வுபெற்றுத் திரும்பிய கம்பெனி அலுவலர்களும் படைவீரர்களும் ஊரில் குளிரில் உட்கார்ந்துகொண்டு இதைத் தேடியிருப்பார்கள். கடைக்காரன் கண்ணாடியில் எழுதி ஒட்டிவிட்டான். தமிழ்நாட்டுச் சிற்றூர் அடுக்களைச் சொல் ஒன்று இலண்டன் தெருவில் விளம்பரமாகத் தொங்கிய காட்சியை நினைத்துப் பார்க்கவே நமக்கு வியப்பாக இருக்கிறது.

1861-இல் திருமதி பீட்டனின் புகழ்பெற்ற இல்லப் பராமரிப்பு நூலில் இது முறையான சமையற்குறிப்பாகிவிட்டது. கறிப்பொடி, வெங்காயம், பூண்டு, அரைத்த பாதாம் பருப்பு, எலுமிச்சை ஊறுகாய் அல்லது மாங்காய்ச் சாறு, ஒரு கோழி அல்லது முயல், சில துண்டு பன்றிக்கறி. குளிர்காலத்துக்கு உரியது என்ற குறிப்பும் உண்டு. நம் நாட்டில் வெயிலில் வியர்த்து உண்டது அங்கே பனிக்காலத்துக்குரியதாயிற்று. மிளகு தன் பெயரை மட்டும் விட்டுவிட்டுக் கறிப்பொடிக்குள் கரைந்துபோனது. புளி கிடைக்காத இடத்தில் மாங்காயும் எலுமிச்சையும் நின்றன. முயலும் பன்றியும் நுழைந்த பிறகு அதில் தமிழ் என்று சொல்ல என்ன மிஞ்சியது? ஒன்று மிஞ்சியது. வேகவைத்த அரிசிச் சோற்றை உடன் பரிமாற வேண்டும் என்று அந்த அம்மையார் வலியுறுத்துகிறார். ஐரோப்பியச் சூப்புகளுக்கு ரொட்டிதான் துணை. மல்லிகடானிக்கு மட்டும் சோறு. உள்ளே இருந்த எல்லாம் மாறிய பிறகும், அதைச் சோற்றோடுதான் உண்ண வேண்டும் என்ற நினைவு அழியாமல் கடல் கடந்து போயிருக்கிறது.

இனிப் பருப்புக்கு வருவோம்.

மைசூர்ப் பருப்புக்கும் மைசூருக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மசூரம் என்பது வடமொழி, வடநாட்டில் மசூர். நம்மவர் காதில் அது மைசூராகிவிட்டது. வெள்ளைக்காரன் மிளகுதண்ணியை மல்லிகடானி ஆக்கினான் என்று சிரிக்கிறவர்கள் இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ஐதரின் மைசூர் அரசுச் சிறையில் மிளகுதண்ணி ஊற்றினார்கள், அதனால் மைசூர்ப் பருப்பு அதில் சேர்ந்தது என்று யாரேனும் ஒரு நாள் கதை கட்டக்கூடும். நம்பிவிடாதீர்கள்.

இது குளிர்காலப் பயிர். மேற்காசியாவில் ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன் மனிதன் பயிரிடத் தொடங்கிய முதல் பயிர்களுள் ஒன்று. இந்தியாவில் வடக்கே, மழை ஓய்ந்து குளிர் தொடங்கும்போது விதைப்பார்கள். தமிழ் நிலத்தின் வெப்பத்துக்கு இது ஒத்துவருவதில்லை; நம் நிலத்துக்குத் துவரையும் உளுந்தும் பாசிப்பயறும்தான். இன்று இதைப் பெருமளவில் விளைவித்து உலகுக்கு அனுப்புவது பனி உறையும் கனடா நாட்டின் சஸ்காட்சுவான் மாநிலம். ஈழத்துச் சமையலில் பருப்புக்கறி என்றாலே இதுதான். அங்கும் இறக்குமதிச் சரக்குத்தான்.

விவிலியம் படித்தவர்கள் ஏசாவின் கதையை அறிவார்கள். வேட்டையாடிக் களைத்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு சமைத்து வைத்திருந்த சிவந்த கூழுக்காகத் தன் சேட்டபுத்திர பாகத்தை விற்றுவிட்டான். அந்தச் சிவந்த கூழ் மசூர்க் கூழ்தான். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் அதைப் 'பயற்றங்கூழ்' என்றார்கள். அழகான சொல். பருப்புச் சூப்பு என்பதற்கு ஈடாகத் தமிழில் நமக்கு முன்பே கிடைத்துவிட்ட சொல்லை நாம் பயன்படுத்தாமலே வைத்திருக்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இந்தப் பருப்பு விவிலியத்தில் படித்த பொருளாக இருந்த அளவுக்கு அடுக்களையில் இருந்த பொருளன்று. அதற்கு ஒரு சான்று சொல்கிறோம். 'ரெவலென்டா அராபிகா' என்ற பெயரில் ஒரு மாவு அங்கே விற்பனையாயிற்று. நோயாளிகளுக்கான அரிய உணவு, செரியாமை முதல் நரம்புத் தளர்ச்சி வரை எல்லாவற்றையும் போக்கும் என்று விளம்பரம். ஆர்தர் ஹசல் என்ற மருத்துவர் 'லான்செட்' இதழுக்காக 1850-களின் தொடக்கத்தில் உணவுக் கலப்படங்களை நுண்ணோக்கி வைத்து ஆராய்ந்தபோது, இதையும் ஆராய்ந்தார். உள்ளே இருந்தது மசூர்ப் பருப்பு மாவு. சிலவற்றில் அதோடு வாற்கோதுமை மாவும். மசூரின் பழைய தாவரப் பெயர் 'எர்வம் லென்ஸ்'. அதன் எழுத்துகளைக் கொஞ்சம் மாற்றிப் போட்டு 'ரெவலென்டா' என்று சூட்டிவிட்டார்கள். நம்மூரில் தள்ளுவண்டிக்காரரிடம்கூட இந்த வித்தை எடுபடாது. பருப்பு எது என்று தெரியாத ஊரில்தான் பருப்பை மருந்தென்று விற்க முடியும்.

ஆனால் வடக்கே ஸ்காட்லாந்தில், குளிர் மிகுந்த அந்நாட்டில், பருப்புச் சூப்பு எளிய மக்களின் உணவாக வேரூன்றியது. தோல் நீக்கி உடைத்த சிவப்புப் பருப்பு, கேரட், வெங்காயம், பன்றிக்காலின் எலும்பு. விக்டோரியா காலச் சமையல் நூல்கள் இந்தச் சிவப்புப் பருப்பை எகிப்தியப் பருப்பு என்று அழைத்தன. இறைச்சி வாங்க முடியாதவர்க்கு அதுவே இறைச்சி. பின்னாளில் மல்லிகடானியில் கோழியும் முயலும் விலகிப் பருப்பு வந்து அமர்ந்தபோது நடந்தது என்ன? நம் ஏழைகளின் மிளகுதண்ணிமீது வெள்ளை அதிகாரிகள் ஏற்றிவைத்த இறைச்சி இறங்கியது. அந்த இடத்தில் குளிர்நாட்டு ஏழைகளின் பருப்பு வந்தது. இது நம் வாசிப்பு. வேறு விதமாகவும் வாசிக்கலாம்.

யார் சமைத்துக் கொடுத்தார்கள் என்பது மாணவியின் இரண்டாவது கேள்வி. உண்மையில் அவள் கேட்டது அதுதான் என்று இப்போது தோன்றுகிறது.

சென்னை மாகாணத்து வெள்ளை அதிகாரிகளுக்கே 'மல்' என்று ஒரு கேலிப்பெயர் இருந்தது, மல்லிகடானியின் சுருக்கம். வங்காளத்தவர் 'குய் ஹை', பம்பாய்க்காரர் 'டக்'. ஓர் உணவின் பெயரே ஓர் அதிகார வர்க்கத்துக்கு அடையாளம் ஆகும் அளவுக்கு அதை நாள்தோறும் உண்டிருக்கிறார்கள். நாள்தோறும் எவரோ சமைத்துக் கொடுத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தனியே இருந்த புகை மண்டிய குசினியில், அம்மியில் அரைத்து, துரைக்குக் காரம் எவ்வளவு தாங்கும் என்று பார்த்துக் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாக அந்தச் சூப்பை மாற்றி வளர்த்தவர் அவர்தான். துரை மாவும் வெண்ணெயும் போடச் சொல்லியிருக்கலாம். போட்ட கை அவருடையது.

அவர் பெயர்? கென்னி-ஹெர்பர்ட் நூல் முழுவதும் சமையற்காரரை 'ராமசாமி' என்கிறார். குறிப்பிட்ட ஓர் ஆளின் பெயரன்று அது. எந்தச் சமையற்காரரும் ராமசாமிதான். 'ஹாப்சன்-ஜாப்சன்' அகராதியில் 'ராமசாமி' ஒரு தனிச் சொல்லாகவே இடம்பெற்றிருக்கிறது: தென்னாட்டு இந்துக்களுக்குப் பொதுப்பெயர் என்று. அதோடு நிற்கவில்லை, சுருட்டுப் பற்றவைக்கக் குழலில் வைத்திருந்த பருத்தித் திரிக்கும் சென்னை வெள்ளையர்கள் அதே பெயரைச் சூட்டியிருந்ததாக அகராதி சொல்கிறது. சூப்புக்குத் தமிழ்ப் பெயரை வைத்துக்கொண்டவர்கள், சூப்பு வைத்தவரின் பெயரைத் திரிக்கு வைத்தார்கள்.

1810-இல் இலண்டனில் 'இந்துஸ்தானி காபி ஹவுஸ்' தொடங்கிய பீகார்க்காரர் தீன் முகமதுவின் பெயர் நமக்குத் தெரியும். ஆங்கிலத்தில் நூல் எழுதியவர் அவர், ஆதலால் தெரியும். மிளகுதண்ணியை மல்லிகடானி ஆக்கிய தமிழ்ச் சமையற்காரர்களுள் ஒருவர் பெயரும் சமையல் நூல்களில் பதிவாகவில்லை. 1878-இலேயே கென்னி-ஹெர்பர்ட், நல்ல மல்லிகடானி பழங்கதையாகி வருகிறது என்று வருந்துகிறார். அதை நன்றாக வைக்கத் தெரிந்தவர்கள் யாரென்று அவருக்குத் தெரிந்திருக்கும். எழுதவில்லை. நாமும் நம் பட்டியலில் சொல்லை மட்டும்தானே இருபதாண்டுகளாக எழுதி வந்தோம்?

சொல் மட்டும் பயணத்தை நிறுத்தவில்லை. 1963-இல் செருமானியத் தொலைக்காட்சி நிறுவனமான என்.டி.ஆர். 'டின்னர் ஃபார் ஒன்' என்ற சிறு நகைச்சுவை நாடகத்தை ஆங்கிலத்திலேயே பதிவு செய்தது. தொண்ணூறாம் பிறந்தநாள் கொண்டாடும் சோஃபி சீமாட்டிக்கு முதிய பணியாள் ஜேம்ஸ் விருந்து பரிமாறுகிறார். முதல் பந்தி மல்லிகடானி சூப்பு. ஆண்டுதோறும் திசம்பர் 31 அன்று செருமனியில் அதை ஒளிபரப்புகிறார்கள். வீடுதோறும் உட்கார்ந்து பார்க்கிறார்கள். வெளியே பனி, உள்ளே ஒரு பணியாள் ஒரு சீமாட்டிக்கு ஊற்றும் மிளகுதண்ணி. பரிமாறுபவர்க்கு அங்கே ஒரு பெயராவது இருக்கிறது.

கட்டுரையை எழுதத் தொடங்கியபின், செய்து பார்க்காமல் எழுதுவது முறையன்று என்று தோன்றியதால் வீட்டில் செய்து பார்த்தோம். முதல் முறை கெட்டுப்போயிற்று. புளியைத் தொடக்கத்திலேயே கரைத்து ஊற்றிவிட்டோம். முக்கால் மணி நேரமாகியும் பருப்பு முழுதாகக் கரையவில்லை. புளிப்பு இருந்தால் பருப்பின் செல்சுவர் இளகத் தாமதமாகும் என்பது நம் வீட்டு அம்மையாருக்குத் தெரிந்திருந்தது, முதுகலைப் பட்டத்துக்குத் தெரியவில்லை. பனி பெய்யும் ஊர்களில் வாழும் வாசகர்களுக்கு, இரண்டாம் முறை சரியாக வந்த கணக்கைத் தருகிறோம். நான்கு பேருக்கு ஆகும்.

மைசூர்ப் பருப்பு 200 கிராம். கழுவினால் போதும், ஊற வைக்க வேண்டாம். தோல் இல்லாததால் அரைமணிக்குள் வெந்துவிடும். ஒன்றேகால் லிட்டர் நீரில் ஒரு சிட்டிகை மஞ்சளோடு போட்டுக் கொதிக்க விட்டு, மேலே வரும் நுரையை எடுத்துவிட்டுத் தணலைக் குறைக்கவும். ஒரு கேரட்டைப் பொடியாக நறுக்கி அதிலேயே சேர்க்கலாம். வேறு சட்டியில் இரண்டு தேக்கரண்டி நெய் விட்டுக் கடுகும் கால் தேக்கரண்டி வெந்தயமும் கறிவேப்பிலையும் தாளித்து, இரண்டு வெங்காயம், ஆறு பல் பூண்டு, ஒரு விரற்கடை இஞ்சி எல்லாவற்றையும் நறுக்கிப் போட்டுச் சிவக்கும் வரை பொறுமையாக வதக்கவும். இங்கே அவசரப்பட்டால் சூப்பு சப்பென்று இருக்கும். மிளகு ஒன்றரைத் தேக்கரண்டி, சீரகம் ஒன்று, மல்லி ஒன்று. வெறுஞ்சட்டியில் வறுத்துக் கொரகொரப்பாகப் பொடித்துக்கொள்ளவும். கறிப்பொடி வேண்டாம். பெயரில் இருக்கும் மிளகு வாயிலும் இருக்கட்டும். மிளகாயும் வேண்டாம் என்பது நம் விருப்பம். ஹூல் காலத்தவர் போட்டார்கள், போடுவதும் குற்றமில்லை.

பருப்பு குழைந்ததும் மத்தால் ஒரு கடை கடைந்து, வதக்கியதையும் பொடியையும் உப்பையும் சேர்த்துப் பத்து நிமிடம் சிறுதணலில் வைக்கவும். மாவு எதுவும் வேண்டாம், பருப்பே கெட்டியாக்கிவிடும். விரும்புவோர் அரைக் கோப்பைத் தேங்காய்ப் பால் ஊற்றி, கொதி வருமுன் இறக்கலாம். இறக்கிய பின் நெல்லிக்காயளவு புளியைக் கரைத்து வடித்து ஊற்றவும். எலுமிச்சை பிழிந்தாலும் சரிதான். ஆப்பிள் போட நமக்கு மனம் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சுட வைத்தால் இன்னும் நன்றாக இருக்கிறது. இறுகியிருந்தால் கொஞ்சம் வெந்நீர் விட்டுக்கொள்ளலாம்.

அந்த மாணவிக்கும் அவள் தோழியருக்கும் ஒரு தூக்குவாளியில் கொண்டுபோய்க் கொடுத்தோம். குடித்துப் பார்த்துவிட்டு, "சாம்பாருக்கும் ரசத்துக்கும் நடுவுல இருக்கு ஐயா" என்றாள். பிறகு, தொட்டுக்கொள்ள ரொட்டி வேண்டுமா என்று கேட்டோம். "சோறு இருக்கா ஐயா?" என்றாள்.